தண்ணீரில் தொடங்கிய தெய்வமாதல்: தொடக்கத் திருச்சபையில் மனமாற்றம்

கி.பி. 380களில் எருசலேமில் ஒருவர் கிறிஸ்தவராக விரும்பினால், தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே தம் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். குரு ஒருவர் அதை எழுதிக்கொள்வார். மறுநாள் மார்த்தீரியம் என்ற பெரிய ஆலயத்தின் நடுவே ஆயருக்கு நாற்காலி போடப்படும். இரு பக்கமும் குருக்கள் அமர்வார்கள். பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக முன்னே வருவார்கள், ஆண்கள் ஞானத்தந்தையோடும் பெண்கள் ஞானத்தாயோடும். ஆயர் விசாரிப்பது அக்கம்பக்கத்தாரை. இவர் ஒழுங்காக வாழ்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிப்பாரா, வீண்பெருமை பேசுவாரா? குறை ஏதும் இல்லையென்றால் ஆயர் தம் கையாலேயே பெயரைப் பதிவார். யாராவது குறை சொன்னால், "திருந்தட்டும், திருந்திய பிறகு திருமுழுக்குத் தொட்டிக்கு வரட்டும்" என்று வெளியே அனுப்பிவிடுவார். சாட்சி சொல்ல ஆள் இல்லாத வெளியூர்க்காரருக்குத் திருமுழுக்கு எளிதில் கிடைக்காது.

இதை எழுதிவைத்தவர் எஜேரியா. மேற்கிலிருந்து புனித நாடுகளுக்குப் பயணம் வந்த பெண். 381 முதல் 384 வரை அந்தப் பகுதியில் இருந்தவர். அவர் கண்ட ஆயர் பெரும்பாலும் எருசலேம் சிரில்தான். சிரிலின் மறைக்கல்வி உரைகளும் நம் கைக்கு வந்திருப்பதால், இந்த ஒரு நகரத்தில் மனமாற்றம் எப்படி நடந்தது என்பதை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பார்க்க முடிகிறது.

இன்று மனமாற்றம் என்றால் ஒருவர் உள்ளத்தில் எடுக்கும் முடிவு என்று நினைக்கிறோம். தெய்வமாதல் என்ற சொல்லைக் கேட்டால், துறவிகளுக்கு மட்டும் உரிய உயர்ந்த அனுபவம் என்று ஒதுக்கிவிடுகிறோம். முதல் நூற்றாண்டுகளின் இறையியலாளர்களிடம் இவை இரண்டும் பிரிந்து கிடக்கவில்லை. ஒருவர் எதற்காக மாறுகிறார் என்பதற்கு அவர்கள் தந்த விடையே தெய்வமாதல். கடவுளின் வாழ்வில் பங்கு பெறவே மாறுகிறார். அதனால்தான் அந்த மாற்றத்துக்கு உடலும் தேவைப்பட்டது, ஊரின் சாட்சியும் தேவைப்பட்டது, ஆண்டுக்கணக்கில் காலமும் தேவைப்பட்டது. இந்த இணைப்பு பிடிபடாவிட்டால், இறைமகன் கடவுளா படைப்பா என்று 325இல் நடந்த நிசேயா சங்கத்தின் சண்டை வெறும் சொற்போராகவே தெரியும்.

மூன்று ஆண்டுகள், ஒரு வேலைப்பட்டியல்

இப்போலித்துவின் பெயரில் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்ற ஒழுங்குநூல், திருமுழுக்குக்குத் தயாராகிறவர் மூன்று ஆண்டுகள் போதனை கேட்க வேண்டும் என்கிறது. அந்த நூலின் காலமும் ஆசிரியரும் குறித்து அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நெறியை மட்டும் பார்ப்போம்: ஆர்வத்தோடு உழைப்பவரிடம் காலத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம், நடத்தையைப் பார்க்க வேண்டும் என்று அந்த நூலே தளர்வும் தருகிறது.

முதல் நாளிலேயே தொழில் விசாரணை நடந்தது. விலைமாதர் விடுதி நடத்துபவர் அதை விட வேண்டும். சிலை செய்பவர் தெய்வச் சிலைகளைச் செய்யக்கூடாது. கிளாடியேட்டர், அவருக்குப் பயிற்சி தருபவர், தேர்ப் பந்தயம் ஓட்டுபவர், நாடக நடிகர் எல்லாருக்கும் ஒரே விதி: விடு, அல்லது திரும்பிப் போ. படைவீரர் ஆணையிட்டாலும் கொல்லக்கூடாது, படை உறுதிமொழியும் எடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு மட்டும் சலுகை. பாடநூல்கள் முழுக்கக் கிரேக்கக் கவிஞர் ஓமரின் தெய்வங்கள்தான் என்பதால் அவர் தொழிலை விடுவது நல்லது. ஆனால் வேறு பிழைப்பு இல்லையென்றால் தொடரலாம். பட்டினிக்குப் பயந்து யாரும் கதவிலேயே நின்றுவிடக்கூடாது என்ற கரிசனம் இந்த ஒரு வரியில் தெரிகிறது.

மூன்று ஆண்டுகள் கழிந்ததும் கேட்ட கேள்விகளும் நடத்தையைப் பற்றியவையே. கைம்பெண்களை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? நற்செயல் எல்லாம் செய்தாரா? என்ன படித்தார், எவ்வளவு மனப்பாடம் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

தூண்டில் போட்ட ஆயர்

பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கிறிஸ்தவராவது ஆபத்தாக இருந்த காலம் போய், ஆதாயமாக மாறிய காலம் வந்தது. சுமார் 350இல் சிரில் தம் முன்னுரையில் இதை மறைக்காமல் பேசுகிறார். ஒரு பெண்ணை மணக்க வந்திருக்கலாம். ஒரு பெண்ணும் அப்படியே வந்திருக்கலாம். அடிமை தன் எசமானைத் திருப்திப்படுத்த வந்திருக்கலாம், நண்பன் நண்பனுக்காக வந்திருக்கலாம். தூண்டில் இரை அதுவே என்றாலும் பரவாயில்லை, உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். எங்கே வந்தோம், எந்த வலையில் விழுந்தோம் என்பது தெரியாமல் வந்திருக்கலாம். விழுந்தது நல்லதற்குத்தான், ஓடிவிடாதே என்பது அவர் வேண்டுகோள். அதே மூச்சில் எச்சரிக்கையும் தருகிறார்: திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மந்திரவாதி சீமோன் தண்ணீரில் மூழ்கினான், ஆனால் ஒளி பெறவில்லை.

எஜேரியா சொல்லும் நாள்முறை கடுமையானது. எருசலேமில் தவக்காலம் எட்டு வாரம். விடிந்ததும் பேயோட்டும் செபம்; பிறகு ஆயர் மூன்று மணி நேரம் போதிப்பார், தொடக்கநூலில் ஆரம்பித்து முழு மறைநூலையும் முதலில் நேர்ப்பொருளிலும் பிறகு ஆன்மிகப் பொருளிலும். ஐந்து வாரம் கழித்தே நம்பிக்கை அறிக்கை கையளிக்கப்படும். எழுத்தில் தரமாட்டார்கள், மனதில் பதித்துக்கொண்டு, எட்டாவது வாரத்தில் ஆயர் முன்னே ஒப்பிக்க வேண்டும். ஆயர் கிரேக்கத்தில் பேச, குரு ஒருவர் சிரியாக்கில் மொழிபெயர்ப்பார். இலத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இருமொழியும் அறிந்த சகோதர சகோதரிகள் விளக்குவார்கள்.

அந்த இரவில் நடந்தது

சிரிலின் பெயரில் வரும் ஐந்து மறைபொருள் உரைகள் (அவருக்குப் பின் வந்த ஆயர் யோவானுடையவை என்று சொல்வோரும் உண்டு) திருமுழுக்கு நடந்த பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவின் ஒவ்வொரு அசைவையும் விளக்குகின்றன. திருமுழுக்கு மண்டபத்தின் முன்கூடம். மேற்கே பார்த்து நிற்க வேண்டும். சாத்தான் எதிரே நிற்பதுபோல் கையை நீட்டி, அவனையும், அவன் செயல்களையும், அவன் ஆடம்பரத்தையும், அவன் வழிபாட்டையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். மேற்கு ஏன்? கதிரவன் மறையும் திசை, இருளின் இடம். ஆடம்பரம் என்றால் எது என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை: நாடக மோகம், குதிரைப் பந்தயம், விலங்கு வேட்டைக் காட்சிகள். பிறகு கிழக்கே திரும்பி, தந்தை, மகன், தூய ஆவியையும், மனமாற்றத்தின் ஒரே திருமுழுக்கையும் ஏற்கிறேன் என்பார்கள்.

மனமாற்றம் இங்கே உண்மையாகவே கால்களால் நடக்கிறது. உள்கூடத்துக்குள் நுழைந்ததும் ஆடையைக் களைய வேண்டும். வெட்கமின்றி ஏதேனில் நின்ற ஆதாமைப்போல என்கிறது உரை. தலைமுடி முதல் பாதம் வரை எண்ணெய். தொட்டியில் மூன்று முறை மூழ்கி எழுதல், கிறிஸ்து கல்லறையில் இருந்த மூன்று நாட்களுக்கு அடையாளமாக. "அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது" என்ற வரி இங்கேதான் வருகிறது. வெளியே வந்தபின் நறுமணத் தைலம் நெற்றியிலும், காதுகளிலும், மூக்கிலும், மார்பிலும் பூசப்படும்.

தைலம் பூசியதும் உரை ஒரு துணிச்சலான வார்த்தையைச் சொல்கிறது. நீங்கள் கிறிஸ்துவில் பங்கு பெற்றீர்கள். ஆகவே உங்களைக் 'கிறிஸ்துகள்' என்று அழைப்பது சரியே. அப்பமும் கிண்ணமும் பற்றிய அடுத்த உரை, அவரோடு ஒரே உடலும் ஒரே இரத்தமும் ஆகிறீர்கள் என்று தொடர்ந்து, பேதுருவின் இரண்டாம் திருமுகத்தைச் சான்றாக்குகிறது: இறை இயல்பில் பங்கு பெறுகிறோம். தெய்வமாதலைப் பற்றிய புதிய ஏற்பாட்டின் மிக வெளிப்படையான சொற்றொடர், புதிதாக நனைந்து வந்தவருக்கான முதல் வார வகுப்பில் இடம்பெறுகிறது. மூத்த துறவிகளுக்கான மேல்நிலைப் பாடமாக அதை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. இந்த விளக்கங்கள் நடந்த உயிர்ப்பு ஆலயத்தின் கதவு மூடப்பட்டிருக்கும். உள்ளே எழுந்த ஆரவாரம் வெளியே கேட்டது என்று எஜேரியா எழுதுகிறார்.

கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு இதன் எச்சம் பழக்கமானதே. காணிக்கை நேரத்தில் குரு இரசத்தில் ஒரு துளி தண்ணீர் சேர்த்து மெல்லிய குரலில் சொல்வது இதே கருத்து: நம் மனித இயல்பில் பங்கு கொண்டவரின் இறை இயல்பில் நாமும் பங்கு பெற வேண்டும். பெரும்பாலோர் காதில் அது விழுவதே இல்லை. விழ வேண்டிய வார்த்தை.

முதலில் மனிதனாக ஆகு

சிரிலுக்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன், சுமார் 180இல், லியோன் நகர ஆயர் இரேனியுஸ் இதற்கு அடித்தளம் போட்டார். அவர் எதிர்த்த வலந்தீனியர்களின் கருத்துப்படி, சிலர் பிறவியிலேயே ஆவிக்குரியவர்கள். தாங்கள் யார் என்று தெரிந்துகொண்டாலே மீட்பு. அப்படியானால் மனமாற்றத்துக்கு வேலையே இல்லை, உடலுக்கும் எதிர்காலம் இல்லை.

இரேனியுஸின் மறுப்பு வளர்ச்சியைச் சார்ந்தது. மனிதர் படைக்கப்பட்டவர். படைக்கப்பட்டதால் குழந்தை, குழந்தையால் கெட்டியான உணவை உண்ண முடியாது. ஆகவே மனிதர் உண்டாக வேண்டும், வளர வேண்டும், பருவமடைய வேண்டும், பெருக வேண்டும், வலுப்பெற வேண்டும், மாட்சி பெற வேண்டும், மாட்சி பெற்றுத் தம் ஆண்டவரைக் காண வேண்டும் என்று படிகளை அடுக்குகிறார். இன்னும் மனிதனாகவே ஆகாத நீ எப்படிக் கடவுளாவாய் என்றும் கேட்கிறார். கிறிஸ்து அளவற்ற அன்பினால் நாம் இருப்பதாகவே ஆனார், அவர் இருப்பதாக நம்மை ஆக்குவதற்காக என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அவருடையதே. நற்கருணையால் ஊட்டம் பெறும் சதை அழியாமையைப் பெறாது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வாதாடியபோது, தெய்வமாதலுக்குள் உடலையும் கொண்டுவந்துவிட்டார்.

அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இதைத் திருமுழுக்கோடு ஒரே சங்கிலியாகக் கோத்தார்: நனைந்ததும் ஒளி பெறுகிறோம், ஒளி பெற்றதும் பிள்ளைகளாகிறோம், பிள்ளைகளானதும் நிறைவடைகிறோம், நிறைவடைந்ததும் சாகாத்தன்மை பெறுகிறோம். அதற்குச் சான்றாக, "நீங்கள் தெய்வங்கள்" என்ற 82ஆம் திருப்பாடலின் வரி. அதே வரியை யுஸ்தீனும் இரேனியுஸும் ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியதாக எடுத்தாண்டிருந்தார்கள்.

இந்தச் சங்கிலியைத் தமிழில் படிப்பவருக்கு அத்வைதம் நினைவுக்கு வரலாம். அது இவர்கள் சொல்வதல்ல. படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையிலுள்ள கோடு ஒருபோதும் அழிவதில்லை. மகன் இயல்பால் மகன். நாம் அருளால் பிள்ளைகள். பங்கு பெறுவது என்றாலே தன்னிடம் இல்லாததைப் பெறுவது.

அத்தனாசியுஸின் வாதம்

325இல் நிசேயாவில் தோற்ற ஆரியுஸின் கருத்து அதன் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பேரரசெங்கும் ஓங்கியும் தாழ்ந்தும் நின்றது: மகன் படைப்புகளில் முதல்வர், ஆனால் படைப்பே. அத்தனாசியுஸ் 328 முதல் 373 வரை அலெக்சாந்திரியாவின் ஆயர். ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். அவர் மறைநூல் வசனங்களோடு மட்டும் போராடவில்லை. தொட்டியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வாதத்தைக் கட்டினார்.

வாதத்தின் அமைப்பு இப்படி. திருமுழுக்கு நம்மைக் கடவுளோடு இணைக்கிறது. இதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு இணைக்க முடியாது. பங்காகப் பெற்றுக்கொண்டவர் தமக்கு வந்ததைத் தம்முடையதாகப் பிறருக்கு வழங்க முடியாது. மகன் படைப்பென்றால் அவர் பெயரில் முழுக்குப் பெற்றவர் இன்னொரு படைப்போடுதான் இணைந்தார். அவர் பெற்ற முழுக்கு வெறுமை. ஆகவே தெய்வமாக்குகிறவர் தாமே தெய்வமாக இருக்க வேண்டும். அவர் மனிதரானார், நாம் தெய்வமாக்கப்படும்படி என்ற அத்தனாசியுஸின் வரியைப் பக்திமொழியாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைப் பிற்கால வாதத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் முழு எடை தெரியும்.

இதே வாதத்தை ஆயர் செராப்பியோனுக்கு எழுதிய மடல்களில் தூய ஆவியிடமும் நீட்டினார். பின்பு கான்ஸ்டான்டிநோபிளில் நசியான்சு கிரகோரி இன்னும் கூர்மையாகக் கேட்டார்: ஆவியானவர் வழிபாட்டுக்கு உரியவர் இல்லையென்றால், திருமுழுக்கில் என்னை எப்படித் தெய்வமாக்குவார்? பிற்காலக் கிரேக்கத் திருச்சபையின் நிலையான சொல்லாகிய 'தெயோசிஸ்' (தெய்வமாதல்) என்பதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

எங்கே பிசகியது

முதல் பிசகு தள்ளிப்போடுதல். திருமுழுக்கு முந்தைய பாவம் அனைத்தையும் கழுவும், ஆனால் ஒரே முறைதான். அதன் பிறகு பெரும்பாவம் செய்தால் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைக்கும் கடினமான பொதுத் தவம்தான் வழி. தண்டனை விதிக்கும் பதவியிலும் படையிலும் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள்: கடைசி வரை காத்திருந்தால் முழுக் கணக்கும் ஒரே நாளில் தீரும். கான்ஸ்டன்டைன் 337இல் சாகும் தறுவாயில்தான் நனைந்தார். அம்புரோஸ் 374இல் மிலான் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இன்னும் திருமுழுக்குப் பெறாதவர். சில நாட்களுக்குள் முழுக்கும் ஆயர் பட்டமும் அடுத்தடுத்துப் பெற்றார்.

381 சனவரியில் நசியான்சு கிரகோரி ஆற்றிய நீண்ட உரை இந்தச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறது. திருக்காட்சி விழாவுக்குக் காத்திருக்கிறேன், பாஸ்காவுக்கு, பெந்தகோஸ்துக்கு. கிறிஸ்துவே முப்பது வயதில்தானே முழுக்குப் பெற்றார். எனக்கு முழுக்குத் தருபவர் பெருநகர ஆயராக, நல்ல குடியில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஏழைகளோடும் அடிமைகளோடும் ஒரே தண்ணீரில் இறங்க வேண்டுமா? கடைசிச் சாக்குக்கு அவர் தரும் பதில் இன்றைக்கும் சுடுகிறது: கிறிஸ்து உனக்காக அடிமையின் வடிவத்தையே எடுத்தார், நீ இன்று செய்வது அதைவிடத் தாழ்வில்லை. தள்ளிப்போடுகிறவரின் அடிப்படைத் தவறு, திருமுழுக்கைக் கடன் தள்ளுபடியாக மட்டும் பார்ப்பது. அது ஒரு வாழ்வின் தொடக்கம் என்றால், இறக்கும் நாளில் தொடங்குவது இழப்பு.

இரண்டாவது பிசகு இதற்கு நேர்மாறு: நனைந்தாலே போதும் என்ற எண்ணம். இன்னொரு கிரகோரியான நீசா ஆயர் தம் மறைக்கல்வி நூலின் கடைசி அதிகாரத்தில் இதற்கு ஒரு சோதனை தருகிறார். கோபம், பேராசை, பொறாமை, பிறர் பொருளை அநியாயமாக எடுத்தது ஆகியவை எல்லாம் முழுக்குக்குப் பிறகும் அப்படியே இருந்தால், யாரை ஏமாற்றினாயோ அவரே உன்னிடம் மாற்றம் எதையும் காணவில்லையென்றால், அங்கே தண்ணீர் தண்ணீர்தான். ஆவியின் கொடை எங்கும் தென்படவில்லை. பிள்ளையிடம் பெற்றவரின் சாயல் தெரிய வேண்டும். கடவுளின் பிள்ளையானாய் என்றால், பெற்றவரை உன்னில் காட்டு. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்ததை எடுத்துக்காட்டாக வைக்கிறார். தெய்வமாதலின் அளவுகோல் இங்கே பரவச அனுபவமாக இல்லை. எதிர்வீட்டுக்காரரின் சாட்சியாக இருக்கிறது. எருசலேம் ஆயர் அக்கம்பக்கத்தாரை விசாரித்தது வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல என்பதும் இதனால் புரிகிறது.

மூன்றாவது பிசகு மெசாலியர்களுடையது. சிரியாவிலும் ஆசியா மைனரிலும் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பரவியவர்கள். சவரக்கத்தி முடியை மட்டும் மழிப்பதுபோல் திருமுழுக்கு பழைய பாவத்தை நீக்குமே தவிர வேரைத் தொடாது, ஓயாத செபமே பேயை விரட்டும், ஆவியின் வருகையைக் கண்கூடாக உணர வேண்டும் என்றார்கள். 431இல் எபேசு சங்கம் இவர்களைக் கண்டித்தது. ஆனாலும் அவர்கள் கேள்வி நியாயமானது: நனைந்தவர் ஏன் மீண்டும் பாவம் செய்கிறார்?

மிகச் சிறந்த விடை, ஐந்தாம் நூற்றாண்டில் போத்திக்கே ஊர் ஆயராக இருந்த தியாதோக்குஸிடம் கிடைக்கிறது. அருள் திருமுழுக்கின் நொடியிலிருந்தே மனதின் ஆழத்தில் தங்கிவிடுகிறது, ஆனால் தன் இருப்பை மறைத்துக்கொள்கிறது. அது இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, கடவுளின் உருவத்தை உடனே புதுப்பித்தல். இதில் நம் பங்கு ஒன்றுமில்லை. இரண்டாவது, கடவுளின் சாயலை உண்டாக்குதல். இதற்கு நம் ஒத்துழைப்பு வேண்டும். ஓவியர் முதலில் ஒரே வண்ணத்தில் கோட்டு உருவம் வரைகிறார், பிறகு வண்ணத்தின் மேல் வண்ணம் பூசி, மயிரிழை வரை ஆளின் தோற்றத்தைக் கொண்டுவருகிறார். அருளும் அப்படியே என்கிறார். திருமுழுக்கை வீண் என்று சொல்லவும் இதில் வழியில்லை, அதுவே முடிவு என்று சோம்பியிருக்கவும் வழியில்லை.

சித்தம் விடுபட்டால்

கடைசிச் சண்டை ஏழாம் நூற்றாண்டில் வந்தது. கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்ற அப்பொலினாரியுஸின் கருத்துக்கு எதிராக, நசியான்சு கிரகோரி ஒரு விதியை விட்டுச் சென்றிருந்தார்: கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமடையவில்லை. பேரரசின் ஒற்றுமைக்காக, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று அரசவை கட்டளையிட்டபோது, மாக்சிமுஸ் என்ற துறவி இந்த விதியைத் திரும்ப எடுத்தார். மனம் மாறுவது மனிதரின் சித்தத்தில்தான் நடக்கிறது. ஆதாம் விழுந்ததும் அங்கேதான். கிறிஸ்துவுக்கு மனித சித்தம் இல்லையென்றால், மாற வேண்டிய அந்த இடமே குணமாகாமல் விடுபட்டுவிடும். தெய்வமாகும் மனிதர், சாராம்சத்தில் ஒன்றாவது தவிர, கடவுள் இருப்பதாகவே முழுவதும் ஆவார் என்பது அவர் போதனை. மனித சித்தம் அழிந்துதான் அது நடக்கும் என்பதை அவர் ஏற்கவே இல்லை. கெத்சமனியில் "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே" என்ற செபத்தை, மனித சித்தம் தானாகவே ஒப்புக்கொடுத்த செயலாக விளக்கினார்.

நாக்கும் வலது கையும் வெட்டப்பட்டு, கருங்கடலின் கிழக்கே லாசிக்காவில் நாடுகடத்தலில் 662இல் அவர் இறந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவர் பெயரைச் சொல்லாமல் அவர் போதனையை ஏற்றது. கிறிஸ்துவின் சதை தெய்வமாக்கப்பட்டபோது அழிந்துபோகாமல் தன் இயல்பிலேயே நிலைத்தது போல, அவருடைய மனித சித்தமும் தெய்வமாக்கப்பட்டபோது எடுத்துப்போடப்படவில்லை, மாறாகக் காக்கப்பட்டது என்று அந்தச் சங்கத்தின் வரையறை சொல்கிறது.